கோட்டில் மடியாத பித்தளை

எச்.எம்.எஸ். மொரீஷியஸ் என்று பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு க்ரூஸர் வகைப் போர்க்கப்பல் இருந்தது. 1939இல் கடலில் இறக்கினார்கள். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் ஸோர்ட் கடற்கரைக்கு எதிரே நின்று குண்டு போட்ட கப்பல்களில் அதுவும் ஒன்று. எங்கள் தீவின் பெயர் என்பதாலேயே அதைச் சின்ன மாதிரியாகச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருடமாக உண்டு. நிஜக் கப்பல் 169 மீட்டர் நீளம். 1/700 அளவில் என் மேசையில் 24 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. அதன் நடுவில் இரண்டு கிரேன்கள் நிற்க வேண்டும். கிரேனின் கை என்பது பின்னல் பின்னலாகச் சல்லடை போட்ட ஒரு பித்தளைத் துண்டு. அதை நீளவாக்கில் மடித்து நான்கு பக்கமும் மூடிய குழாய்போல ஆக்க வேண்டும். இந்தத் துண்டுகள் வந்த தகட்டில் இருந்த இரண்டும் கெட்டுப்போயின. இன்னொரு தகடு வரவழைத்த பிறகுதான் ஒரு ஜோடி தேறியது.

கியூர்பிப் பக்கம் வளர்ந்தவன் நான். கப்பல் மாதிரி செய்யும் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர் அது. என் அம்மாவே சில வருடம் ஒரு பட்டறையில் பாய்மரக் கயிறு கட்டியிருக்கிறார். இப்போது ரோஸ் ஹில்லில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். மாலையில் இந்த வேலை. நான் செய்ததைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்த பையன்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சார், எந்த பெண்டிங் டூல் வாங்கணும்?" தகட்டை மடிக்கும் கருவியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது: "கெட்டுப்போன துண்டைக் கொண்டுவந்திருக்கியா?" கெட்டுப்போன துண்டைப் பார்த்தாலே எந்தக் கருவி குறைகிறது என்று தெரிந்துவிடும். அதனால் கீழே உள்ளதைக் கருவிப் பட்டியலாக எழுதாமல் நோய்க்குறிப்பாக எழுதுகிறேன். உங்கள் துண்டு எந்தத் தலைப்புக்குப் பொருந்துகிறதோ அங்கே போங்கள்.

அதற்கு முன் தகட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்த மாதிரித் துண்டுகள் வரும் ஃபோட்டோ எட்ச் தகடு என்பது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள உலோகத் தாள். இரண்டு பக்கமும் ஒளி பட்டால் இறுகும் பூச்சைப் பூசி, படத்தை அதில் பதித்து, பூச்சு இல்லாத இடத்தை ரசாயனத்தால் அரிக்கவிடுவார்கள். இரண்டு பக்கமும் அரித்த இடம் ஓட்டையாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் அரித்த இடம் பாதிக் கனத்தில் பள்ளமாக நிற்கும். அந்தப் பள்ளம்தான் மடிப்புக்கோடு. வேறு மாதிரி சொல்லாத வரைக்கும் பள்ளம் மடிப்பின் உள்பக்கம் வரவேண்டும். 90 டிகிரி மடிக்கும்போது பள்ளத்தின் இரண்டு கரையும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும், மூலை கூராக நிற்கும். இதை மாற்றி மடித்தால் என்ன ஆகும் என்பதைப் பெட்டி மூடாத கதையில் சொல்கிறேன்.

உலோகமும் மூன்று நான்கு வகை. பித்தளை பணிவானது. ஜெர்மன் சில்வர் கொஞ்சம் விறைப்பு. பூஜைச் சாமான் கடையில் நாம் வாங்கும் அதே செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவைதான், பெயரில் தவிர வெள்ளி எங்கேயும் கிடையாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மெல்லிசாக இருந்தாலும் முரடு. எந்த உலோகம் என்று தெரியாமல் கருவி தேர்ந்தெடுப்பது வீண்.

கோடு ஓரிடம், மடிப்பு வேறிடம்

பத்துக்கு ஏழு பேர் கொண்டுவரும் நோய் இதுதான். மடிப்பு கூராக இல்லாமல் வில் மாதிரி உருண்டு வரும். அல்லது கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் தள்ளி மடிந்து, கோடு பாட்டுக்குத் தட்டையாகப் படுத்திருக்கும். 0.3 மில்லிமீட்டர் தள்ளினால் என்ன என்று நினைக்காதீர்கள். 1/700இல் அது நிஜக் கப்பலின் 21 சென்டிமீட்டர்.

துண்டைக் கொறட்டில் பிடித்து, மடிப்பதற்கு முன், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். கொறட்டின் ஓரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் கொறட்டின் ஓரம் மழுங்கியிருக்கிறது. தகடு எங்கே தாங்கல் முடிகிறதோ அங்கேதான் மடியும். ஓரம் உருண்டிருந்தால் தாங்கல் எங்கே முடிகிறது என்று தகட்டுக்கே தெரியாது, அதுவும் உருண்டுவிடும்.

இதை எனக்குக் காட்டியவர் போர்ட் லூயியில் நகைப்பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். அம்மா வழியில் தூரத்துச் சொந்தம், மாமா முறை. கெட்டுப்போன கிரேன் கையையும் என் தட்டைமூக்குக் கொறட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். துண்டை அவர் பார்க்கவே இல்லை. கொறட்டை வாங்கி, மூக்கை மூடி, விளக்கின் பக்கம் திருப்பினார்.

"வாத்தியாரே, இதுலே கம்பி வெட்டுனீங்களா?"

"இல்லை மாமா, முறுக்கினேன்."

"அதான் ஓரம் போயிருக்கு. கல்லிலே பக்கவாட்டை வச்சுச் சமமாத் தேயுங்க. உள்முகத்தைத் தொடாதீங்க. ஓரம் தானா வந்துடும்."

அவ்வளவுதான் வைத்தியம். சாணைக்கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூக்கின் பக்கவாட்டைப் படிய வைத்துப் பத்து நிமிடம் தேய்த்தேன். நகத்தை வைத்தால் வழுக்காமல் தட்டுகிற அளவுக்கு ஓரம் வந்தது. அந்தக் கொறட்டை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். கம்பிப் பக்கமே விடுவதில்லை.

ஓரம் சரியாக இருந்தும் நோய் போகவில்லையா? அப்படியானால் தள்ளுகிற பக்கத்தைப் பாருங்கள். விரலால் தள்ளுகிறவர்கள்தான் அதிகம். விரல் மெத்தென்று இருக்கும், துண்டின் தொலைவு நுனியில்தான் அழுத்தும். தகடு நடுவில் தொய்ந்து வில்லாகிவிடும். விரலுக்குப் பதில் பிளேடை எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள தட்டைப் பிளேடு, கண்ணாடியில் பெயின்ட் சுரண்டுவதற்கு இரும்புக்கடையில் விற்பார்களே, அது. தகட்டுக்கு அடியில் கோடு வரைக்கும் நுழைத்து, அங்கிருந்து மொத்தமாகத் தூக்குங்கள். பிளேடு கோட்டின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும். சவரப் பிளேடு வேண்டாம், அது தகட்டைவிட முதலில் தானே வளையும்.

இன்னும் இரண்டு காரணம் உண்டு. தகட்டின் ஓரச் சட்டகத்திலிருந்து துண்டை வெட்டும்போது, இரண்டையும் இணைக்கும் காம்பு மிச்சமிருந்தால், கொறட்டுக்குள் துண்டு படியாமல் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். அந்த மிச்சத்தை மெல்லிய அரத்தால் ஓரத்தோடு ஓரமாகத் தேய்த்து எடுங்கள். குறுக்கே தேய்த்தால் துண்டு வளைந்துவிடும். அடுத்தது, சில தகடுகளில் கோடு ஆழமாக அரிபட்டிருக்காது. கத்தியின் முதுகால், கூர்ப்பக்கத்தால் அல்ல, ஸ்கேல் வைத்து ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை கோட்டின் மேலேயே இழுங்கள். மூன்றாவது தடவை ஆசைப்பட்டால் அடுத்த தலைப்புக்கு வந்துவிடுவீர்கள்.

கோட்டோடு ஒடிந்து கையோடு வந்துவிட்டது

உலோகத்தை மடித்து நிமிர்த்தி மறுபடி மடித்தால் அந்த இடம் இறுகிக்கொண்டே போய் ஒடியும். வாழ்த்து அட்டைபோலத் திறந்து மூடிப் பார்க்கும் கை நம்மில் பலருக்கு உண்டு. பாதிக் கனமே இருக்கும் கோட்டில் பித்தளை ஒருமுறை நிமிர்த்துவதைப் பொறுக்கும். இரண்டாவது தடவைக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் முதல் தடவையே கடைசித் தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒடிவதற்கு நிஜக் காரணம் பெரும்பாலும் முதல் மடிப்புத் தப்பானதுதான்: பக்கம் மாறி மடித்திருப்பீர்கள், அல்லது கோடு தள்ளி மடித்துத் திருத்தப் போயிருப்பீர்கள். காகிதத்தில் ஒருமுறை மடித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தகட்டை அப்படியே நகலெடுத்து, பெரிதாக்கி, வெட்டி மடித்தால் எது உள்ளே எது வெளியே என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

ஒடிந்ததை எறிய வேண்டாம். இரண்டு பாதியையும் மரக்கட்டையின் மூலையில் ஒட்டுநாடாவால் நிறுத்தி, உள்பக்கம் ஊசி நுனியால் சூப்பர் க்ளூவை ஓடவிட்டால் 90 டிகிரி மூலை கிடைத்துவிடும். ஈயம் வைக்கத் தெரிந்தவர்கள் ஈயம் வைக்கலாம். பித்தளையில் ஈயம் நன்றாகப் பிடிக்கும், வலுவும் அதிகம்.

நீளத் துண்டு வாழைப்பழமாகிறது

மடிப்பு ஒரு முனையில் கூராக இருக்கும், போகப்போக உருளும். அல்லது துண்டு முழுதும் முறுக்கிக்கொண்டு, மேசையில் வைத்தால் ஒரு மூலை ஆடும். இது கொறட்டால் நீளத் துண்டை மடித்ததன் பலன். கொறட்டு மூக்கு 6 மில்லிமீட்டர் அகலம், துண்டு 30 மில்லிமீட்டர் என்றால் ஐந்து தவணையில் மடிப்பீர்கள், ஐந்தும் ஐந்து கோணம்.

இங்கேதான் பெண்டிங் டூல் வேண்டும். கீழே சமமான ஒரு இரும்புப் படுக்கை, மேலே திருகால் இறுக்கும் ஒரு தலை. நீள விளிம்பு முழுதும் ஒரே நேரத்தில் பிடிக்கும், பிளேடும் ஒரே நேரத்தில் தூக்கும். டூல் இருந்தும் முறுக்கினால் இறுக்கத்தைச் சந்தேகப்படுங்கள். திருகு நடுவில் இருக்கும். துண்டை ஒரு கோடியில் மட்டும் வைத்தால் தலை அந்தப் பக்கம் தூக்கி, மறுபக்கம் தாழும். பிடி சாய்ந்துவிடும். மறு கோடியில் அதே தகட்டின் சட்டகத்திலிருந்து வெட்டிய ஒரு துணுக்கை வையுங்கள். கனம் ஒன்றாக இருப்பதால் தலை மட்டமாக உட்காரும். இந்த ஒரு துணுக்கு இல்லாமல்தான் என் முதல் கிரேன் கை போனது.

டூல் இல்லாமலும் சமாளிக்கலாம், மூன்று நான்கு சென்டிமீட்டர் வரைக்கும். குளியலறை டைல் வெட்டியதில் மிஞ்சிய ஒரு துண்டு, ஒரு ஸ்டீல் ஸ்கேல், இரண்டு பெரிய கிளிப். டைலின் விளிம்பருகே துண்டை வைத்து, கோட்டோடு ஸ்கேலை வைத்து, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு, பிளேடால் தூக்குங்கள். ஸ்கேலின் ஓரத்தையும் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். பள்ளிக்கூட ஸ்கேல்களில் பாதி ஓரம் உருண்டவை, அச்சடித்து வெட்டிய பிசிறோடு இருப்பவை.

பெட்டி மூடவில்லை

என் மனதுக்கு மிகவும் பிடித்த நோய் இது, ஏனென்றால் ஒரே அறிகுறிக்கு நான்கு காரணம். மூன்று பக்கம் மடித்தாயிற்று, நான்காவது வரும்போது மூலையில் சந்து விடுகிறது.

முதலில் கோணத்தைப் பாருங்கள். உலோகம் மடித்துவிட்ட பிறகு கொஞ்சம் திரும்பி வரும். 90 வரைக்கும் தள்ளி விட்டீர்கள் என்றால் அது 87இல் நிற்கும். ஒரு பக்கத்துக்கு 3 டிகிரி என்றால் மூன்று மடிப்புக்குப் பிறகு 9 டிகிரி பாக்கி. அதனால் ஒவ்வொரு மடிப்பையும் ஒரு நூலளவு கூடுதலாகத் தள்ளி விடுங்கள். விட்ட பிறகு 90இல் வந்து நிற்கிறதா என்று சின்ன மரக்கட்டையின் மூலையை வைத்துச் சரிபாருங்கள். ஜெர்மன் சில்வரும் ஸ்டீலும் பித்தளையைவிட அதிகம் திரும்பும்.

இரண்டாவது, பள்ளம் வெளிப்பக்கம் போயிருக்கலாம். அப்போது மூலையில் பிளவு மாதிரி ஒரு வாய் திறந்து நிற்கும், பெட்டியின் அளவும் ஒவ்வொரு பக்கத்திலும் தகட்டுக் கனம் அளவுக்கு மாறிவிடும். மற்ற துண்டுகளோடு பொருந்தாது. வாய் திறந்திருந்தால் காரணம் இதுதான், வேறு தேட வேண்டாம்.

மூன்றாவது, மடித்த வரிசை. சின்னக் காதுகள், உள்ளே போகும் மடிப்புகள், இவற்றை முதலில் முடியுங்கள். பெரிய சுவர்கள் கடைசியில். சுவரைத் தூக்கிவிட்டால் காதைப் பிடிக்கக் கருவி உள்ளே போகாது.

நான்காவதுதான் கருவி விஷயம். மூன்று சுவர் நின்ற பெட்டியின் உள்ளே நுழைந்து நான்காவது கோட்டைப் பிடிக்க, பெட்டியின் உள் அகலத்துக்குச் சரியான விரல் வேண்டும். நல்ல பெண்டிங் டூலின் தலையில் சீப்புப் பல் மாதிரி வேறுவேறு அகலத்தில் விரல்கள் வெட்டியிருப்பது இதற்காகத்தான். விரல் பெட்டியைவிட அகலமாக இருந்தால் உள்ளே போகாது. ரொம்பக் குறுகலாக இருந்தால் நடுவில் மட்டும் பிடித்து, இரண்டு ஓரமும் உருளும். ஸ்மால் ஷாப் என்பவர்களின் 'ஹோல்ட் அண்ட் ஃபோல்ட்', மிஷன் மாடல்ஸின் 'எட்ச் மேட்' இரண்டிலும் இந்த விரல் ஏற்பாட்டைப் பார்க்கலாம். டாமியா என்ற கம்பெனி ஃபோட்டோ எட்சுக்கென்றே பல் இல்லாத ஒரு கொறடும் விற்கிறது. ஒரு விரலகலத்துக்கு உட்பட்ட துண்டுகளுக்கு அதுவே போதும்.

வாங்கும் முடிவுக்கு இங்கேயே வந்துவிடலாம். உங்களிடம் இருக்கும் தகடுகளையும் அடுத்து வாங்கப்போகும் தகடுகளையும் மேசையில் பரப்புங்கள். இரண்டே அளவு எடுங்கள்: மிக நீளமான மடிப்புக்கோடு எவ்வளவு, மிகக் குறுகிய பெட்டியின் உள் அகலம் எவ்வளவு. முதல் எண் டூலின் நீளத்தைச் சொல்லும், இரண்டாவது எண் அதன் மிகச் சின்ன விரலைச் சொல்லும். 1/700 கப்பல் செய்கிற என் எண்கள் 38 மில்லிமீட்டரும் 1.5 மில்லிமீட்டரும். அதனால் 5 சென்டிமீட்டர் டூலே எனக்கு ஏராளம். 1/35 டாங்கி செய்கிற ஒரு பையன் சக்கரத்துக்கு மேலே வரும் நீளப் பலகைகளுக்காக 10 சென்டிமீட்டருக்கு மேல் வாங்க வேண்டியிருந்தது. அவனுடைய பெரிய டூலை ஆசைப்பட்டு இரவல் வாங்கிப் பார்த்தேன். என் கிரேன் கைக்கு அதில் விரலே இல்லை. 1.5 மில்லிமீட்டர் பெட்டிக்கு நான் செய்தது வேறு: பழைய ஸ்டீல் ஸ்கேலின் நுனியை 1.4 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தேய்த்து, ஓரத்தைக் கூராக்கி, பெட்டிக்குள் விட்டு, அதன் மேலேயே கடைசிச் சுவரை மடித்தேன். காசு செலவில்லை, ஒரு சனிக்கிழமை போனது.

இங்கே இந்தச் சாமான் எல்லாம் கப்பலிலோ விமானத்திலோதான் வரும், வாரக்கணக்கில் காக்க வேண்டும். திருப்பி அனுப்புவது நடக்கிற காரியம் இல்லை. அதனால் கையில் கிடைத்த அன்றே சோதியுங்கள். தலையை இறுக்கி மூடி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: படுக்கைக்கும் தலைக்கும் நடுவே வெளிச்சம் ஒரே அளவு கோடாகத் தெரியலாம், ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்துத் தெரியக் கூடாது. விரல் நுனிகளில் நகத்தை இழுத்துப் பாருங்கள், தட்ட வேண்டும். திருகுக்குக் கீழே ஸ்பிரிங் இருந்தால் நல்லது. தலை தானே மேலே எழும், துண்டை நுழைக்க இரண்டு கை மிச்சம்.

உருளை கேட்டால் எண்கோணம் வருகிறது

பீரங்கி மேடையின் வளைந்த கவசம், புகைபோக்கியின் மேல் வலை, குழாய் மாதிரியான துண்டுகள். இவற்றுக்கு மடிப்புக்கோடு இருக்காது. கொறட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தால் ஒவ்வொரு பிடியும் ஒரு முனை. கருவியே மாற வேண்டும்: கொறட்டைக் கீழே வைத்துவிட்டு டிரில் பிட்டின் வழுவழுப்பான தண்டுப் பகுதியை எடுங்கள்.

ஒரு பழைய மவுஸ் பேட் அல்லது தடித்த ரப்பர் விரிப்பின் மேல் துண்டை வைத்து, தண்டை அதன் மேல் வைத்து, சப்பாத்தி தேய்ப்பதுபோல அழுத்தி உருட்டுங்கள். விரிப்பு அடியில் குழிய, தகடு தண்டைச் சுற்றிக்கொள்ளும். தண்டு உங்களுக்கு வேண்டிய வளையத்தைவிடச் சற்றுச் சின்னதாக இருக்கட்டும். விட்டதும் கொஞ்சம் விரியும். 5 மில்லிமீட்டர் வளையம் வேண்டுமானால் நான் 4இல் தொடங்குவேன். ஓட்டை நிறைந்த துண்டில் ஓட்டை இருக்கும் இடம் பலவீனம், அங்கே முதலில் மடியும். அப்போது ஒரே மூச்சில் அழுத்தாமல், மெதுவாக, முன்னும் பின்னும் பலமுறை உருட்டுங்கள்.

அதிலும் அடங்கவில்லை என்றால் பித்தளையைப் பதப்படுத்துங்கள். சட்டகத்தில் இருக்கும்போதே, சாமணத்தால் பிடித்து, கேஸ் அடுப்புத் தீயின் ஓரத்தில் காட்டுங்கள். நிறம் ஓடும், விளக்கை மங்கலாக வைத்திருந்தால் லேசான மங்கல் சிவப்பு தெரிந்த நொடியில் எடுத்துவிடுங்கள். பித்தளை உருக 900 டிகிரி பக்கம் வேண்டும் என்றாலும், முடி மாதிரி மெல்லிய கம்பிகள் கண்ணிமைப்பதற்குள் காணாமல் போகும். தானாக ஆறினால் போதும். இப்போது அது ஈயத் தாள் மாதிரி சொன்னபடி கேட்கும். கறுத்துப்போனதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், குத்துவிளக்குக்குச் செய்வதைச் செய்யுங்கள்: புளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மெல்லிய பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். புளி மிஞ்சினால் பெயின்ட் பிடிக்காது.

பதப்படுத்துவது வளைய வேண்டிய துண்டுகளுக்கு மட்டும். தட்டையாக, நேராக நிற்க வேண்டிய துண்டுக்குச் செய்துவிட்டால், பிறகு தூசு தட்டும்போதுகூட வளையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடுப்புத் தீக்கு மசியாது. எடுவார்ட் போன்ற கம்பெனிகள் வர்ணம் அச்சிட்டுத் தரும் விமானக் கருவிப் பலகைகளைத் தீயில் காட்டினால் வர்ணம் கருகும், சொல்லத் தேவையில்லை.

கம்பித்தடுப்பு அலை அடிக்கிறது

கப்பல் ஓரத்து ரெயிலிங். நிஜத்தில் ஒரு மீட்டர் உயரம். 1/700இல் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. இதில் கருவி செய்யும் வேலை குறைவு, சாமணம் செய்யும் கெடுதல்தான் அதிகம். கம்பியைக் குறுக்கே பிடிக்காதீர்கள், தூணைப் பிடியுங்கள். தளத்தின் வளைவைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, ரெயிலிங்கை அந்தக் கோட்டின் மேல் வைத்து வைத்து, முன்பு சொன்ன தண்டால் முன்கூட்டியே வளைத்துவிடுங்கள். ஒட்டிக்கொண்டே வளைக்கப் போனால் பசை ஒரு பக்கம் இழுக்க அலைதான். மூலையில் மடிக்கும்போது தூண் இருக்கும் இடத்தில் மடியுங்கள், இரண்டு தூணுக்கு நடுவில் அல்ல. பத்து சென்டிமீட்டரை ஒரே துண்டாக ஒட்ட ஆசைப்படுவதும் ஒரு நோய். தூணுக்குத் தூண் வெட்டி மூன்றாகப் போடுங்கள், யாருக்கும் தெரியாது.

சில்லறை நோய்கள்

தகட்டில் பல் தடம்: கொறட்டின் உள்முகத்தில் வரி இருக்கிறது. வரி இல்லாததை வாங்குங்கள். அதுவரைக்கும் மூக்கில் ஒட்டுநாடா சுற்றினால் தடம் விழாது, ஆனால் ஓரம் உருண்டு முதல் நோய் வரும்.

வெட்டும்போதே துண்டு வளைகிறது: வெட்டுப் பாயில் வைத்து வெட்டுகிறீர்கள். பாய் மெத்து, கத்தி இறங்கும்போது தகடும் இறங்கும். கண்ணாடி அல்லது டைல் மேல் வைத்து, வளைந்த வாயுள்ள கத்தியால், துண்டை ஒட்டி அழுத்தி வெட்டுங்கள். கத்தி சீக்கிரம் மழுங்கும், பரவாயில்லை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிளேடு நுனி ஒடிந்தால் மேலேதான் வரும்.

ஒட்டிய பிறகு சுற்றிலும் வெள்ளைப் புகை படிகிறது: சூப்பர் க்ளூ ஈரத்தில்தான் இறுகும், ஈரம் அதிகமான அறையில் அதன் ஆவி வெள்ளைப் பொடியாகப் படியும். கியூர்பிப்பில் கடல்மட்டத்திலிருந்து 550 மீட்டர் உயரத்தில் மழைக்கு நடுவே உட்கார்ந்து ஒட்டிய காலத்தில் என் கப்பல்கள் எல்லாம் விபூதி பூசிய மாதிரி இருந்தன. பசையைக் குறையுங்கள், காற்றாடியைத் தள்ளி வைத்து மெதுவாகக் காற்று ஓடவிடுங்கள்.

துண்டு பறந்துவிட்டது

சாமணத்தின் நுனி இரண்டும் நேராகச் சந்திக்கவில்லை. நுனியை மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள்: அழுத்தும்போது நுனி விரிந்து பின்பகுதி மூடினால், துண்டு பிதுங்கித் தெறிக்கும். லேசாகப் பிடிக்கும்போது நுனி மட்டும் தொட வேண்டும். கை தானாகவே அழுத்திவிடும் என்பதால், அழுத்தினால் திறக்கும் தலைகீழ்ச் சாமணம் சிலருக்கு வசதி. வெட்டும் இடத்தில் காம்பைத் தொடுவதற்கு முன் துண்டின் மேல் ஒட்டுநாடா ஒன்று போட்டுவிடுங்கள். வெட்டியதும் நாடாவோடு வரும்.

பறந்த பிறகு தேடுவதற்கு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள், பித்தளை மினுங்கும். அதிலும் கிடைக்கவில்லையா? தகட்டின் சட்டகத்தை எறிந்துவிட்டீர்களா? எறியாதீர்கள். அதே கனம், அதே உலோகம். கொக்கி, காது, பட்டை எல்லாம் அதிலிருந்து வெட்டலாம். என் இரண்டாவது கிரேனின் கொக்கி சட்டகத்தின் ஓரத்திலிருந்து வெட்டி, ஊசியில் சுற்றி வளைத்தது. அசல் கொக்கி இன்னும் மேசைக்கு அடியில்தான் எங்கேயோ இருக்கிறது.